மஸ்கட்டில் ஒரு மே மாதம்

“மே மாதத்திலா மஸ்கட்? வெயில் காய்வதற்கு விமானச் சீட்டு எடுத்துப் போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்” என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். நான் என்ன செய்ய? மகளுக்கு இரண்டாவது பிரசவம். டாக்டர் சொன்ன நாள் ஜூன் முதல் வாரம். பேரக் குழந்தை பருவநிலை பார்த்தா பிறக்கும்? 2024 மே நடுவில் நானும் மனைவியும் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினோம். நாலு மணி நேரத்துக்குள் மஸ்கட். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டு வெளியே வந்தால், திறந்த அடுப்பின் முன்னே நின்றது போல முகத்தில் ஒரு காற்று. “வாங்க மாமா” என்று மாப்பிள்ளை பெட்டியை வாங்கிக்கொண்டு காருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். அங்கே எல்லோரும் கட்டடத்திலிருந்து காருக்கும், காரிலிருந்து கட்டடத்துக்கும் அப்படித்தான் போகிறார்கள் என்பது மறுநாள் புரிந்தது.

பிள்ளையோ பெண்ணோ வளைகுடாவில் இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. பிரசவம், பள்ளி விடுமுறை என்று கோடையில் அங்கே போக நேர்கிற அன்பர்களுக்கு உதவட்டும் என்று இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

வெயிலின் கணக்கு

திருவனந்தபுரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் நடுவில். அதன்பின் சில வாரங்களில் மேகம் வந்து நமக்குக் குடை பிடித்துவிடுகிறது. மஸ்கட் கிட்டத்தட்ட கடக ரேகையின் மேலேயே இருக்கிறது. அங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஜூன் 21-ஐ ஒட்டி. குடை பிடிக்க மேகம் கிடையாது. அதனால் மே, ஜூன் மாதங்களே அங்கே உச்சக் கோடை. பகல் வெப்பம் சராசரியாகவே 40 டிகிரியைத் தொடும். ஜூலை, ஆகஸ்டில் சில டிகிரி குறைந்துவிடும். ஆக, ‘கோடை ஆரம்பம்தானே, சமாளித்துக்கொள்ளலாம்’ என்ற என் கணக்கு முதல் நாளே தப்பாகிவிட்டது.

கடலோரம் என்பதால் இரவில் குளிரும் என்று நினைத்ததும் தவறு. மஸ்கட்டுக்குத் தெற்கே குரியாத் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. 2018 ஜூன் 26 அன்று அந்த ஊரில் 24 மணி நேரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 42.6 டிகிரி. நள்ளிரவிலும் அதற்குக் கீழே இறங்கவில்லை. உலகில் அதுவரை எங்கும் அப்படி ஒரு இரவு பதிவானதில்லை.

கடலோர வெப்பம் உடம்பை இப்படி வாட்டுவதற்குக் காரணம் சிக்கலானதல்ல. நம் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வையால். வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, அது ஆவியாக வேண்டும். பாலைவனத்தின் உள்பகுதியில் காற்று உலர்ந்தது. வியர்வை உடனே காய்ந்துவிடும், உடம்பு தப்பித்துக்கொள்ளும். கடலோரத்திலோ காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருக்கிறது. ஈரத் துணி காயாதது போல வியர்வையும் காயாது. 38 டிகிரி கடலோரம் 43 டிகிரி பாலைவனத்தைவிட ஆபத்தாக இருப்பது இதனால்தான். நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கே இந்தக் கதி என்றால், வெயிலில் நின்று உடலுழைப்பு செய்பவருக்கு உள்ளேயிருந்தும் சூடு, வெளியேயிருந்தும் சூடு.

அதிகாலை ஊர்

வீட்டில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. மனைவிக்கு மகளைக் கவனிப்பதிலும் மூத்த பேரனுக்குச் சோறு ஊட்டுவதிலும் பொழுது போய்விடும். எனவே தினமும் காலை ஐந்து மணிக்கு நடக்கக் கிளம்பினேன். கோடையில் அந்த ஊரைப் பார்க்க வேண்டுமானால் எட்டு மணிக்குள் பார்த்துவிட வேண்டும்.

நாங்கள் தங்கியது ருவியில். தெருவில் இறங்கினால் மலையாளமும் தமிழும் காதில் விழும். இட்லி, பொங்கல் எல்லாம் கிடைக்கும். அருகே தார்சைட்டில் கிருஷ்ணன் கோயில். முத்ரா துறைமுகக் கரையில் நடந்தால் ஒரு பக்கம் கரிய பாறை மலை, மறுபக்கம் கடல், நடுவில் வெள்ளைக் கட்டடங்கள். மீன் சந்தையில் நெய்மீனும் சாளையும் கண்டு என் மனைவிக்குச் சொந்த ஊருக்கு வந்த சந்தோஷம். பழைய மஸ்கட்டில் போர்ச்சுகீசியர் காலத்து ஜலாலி, மிரானி என்ற இரண்டு கோட்டைகள் துறைமுகத்துக்குக் காவலாக நிற்கின்றன. 1507-இல் வந்த போர்ச்சுகீசியரை 1650-இல் ஓமானியர் விரட்டிவிட்டார்கள்.

அங்கே ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா. ஆம், பைசாவேதான். நமது ரிசர்வ் வங்கி 1959 முதல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிட்டு வந்தது. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாக விட்டுவிட்ட பிறகும் ஓமானில் அது 1970 வரை செல்லுபடியானது.

சுல்தான் காபூஸ் பெரிய மசூதியை 2001-இல் திறந்தார்கள். அதைக் கட்ட மூன்று லட்சம் டன் மணற்கல் இந்தியாவிலிருந்து போயிருக்கிறது. அல் புஸ்தானுக்கு அருகே ஒரு சாலைச் சந்திப்பின் நடுவில் ‘சோஹார்’ என்ற பாய்மரக் கப்பலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டிம் செவரின் என்ற ஆங்கிலேயர் 1980-இல் ஓமானின் சூர் நகரத்தில் கட்டி, சீனா வரை ஓட்டிப்போன கப்பல் அது. ஆணி ஒன்றுகூட இல்லை. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். பலகைக்கான ஆஞ்சிலி மரம் கேரளத்திலிருந்து போனது. நம் நாகர்கோவில் பக்கத்து அயனி மரம்தான்.

இதைவிடப் பழைய சாட்சியும் உண்டு. ஓமானின் தெற்கே கோர் ரோரி என்ற பழைய துறைமுகத்தில் 2006-இல் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்து இருப்பது பின்னர் தெரியவந்தது. ‘ணந்தை கீரன்’ என்று ஒரு பெயர். சுமார் கி.பி. முதலாம் நூற்றாண்டு என்கிறார்கள். குந்திரிக்கம் வாங்கப் போன கீரனோ, மிளகு விற்கப் போன கீரனோ, அவனும் அந்த வெயிலைத் தாங்கிக்கொண்டு நின்றிருப்பான். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போவது நமக்குப் புதிதல்ல.

நிழலால் அளந்த தண்ணீர்

ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை என்னை நிஸ்வாவுக்கு அழைத்துப் போனார். மஸ்கட்டிலிருந்து சுமார் 165 கி.மீ. வெள்ளி காலை அங்கே ஆட்டுச் சந்தை. விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறும் முன் வியாபாரத்தை முடித்துவிடுகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய வட்டக் கோட்டை இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்துப்போனது பேரீச்சந்தோப்புகளின் நடுவே ஓடிய ஒரு சின்னக் கால்வாய்.

அதற்கு ஃபலஜ் என்று பெயர். மலையடிவாரத்தில் தாய்க்கிணறு ஒன்று தோண்டி நிலத்தடி நீரைக் கண்டுபிடிப்பார்கள். அங்கிருந்து ஊர் வரை பூமிக்கடியில் சுரங்கம் வெட்டி, பம்பு இல்லாமல், மின்சாரம் இல்லாமல், சரிவை மட்டும் நம்பித் தண்ணீரைக் கொண்டுவருவார்கள். சரிவு கூடினால் தண்ணீர் மண்ணை அரித்துவிடும், குறைந்தால் வண்டல் படிந்துவிடும். லெவல் கருவி வைத்துக்கொண்டு பாதை போட்ட எனக்கே இந்த நுணுக்கம் மலைப்பாக இருந்தது. வண்டலை அள்ள வழிநெடுக மேலேயிருந்து குழிகள் விட்டிருக்கிறார்கள். நம் காசர்கோட்டில் மலையைக் குடைந்து தண்ணீர் எடுக்கும் சுரங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஃபலஜ்கள் சுமார் மூவாயிரம் ஓமானில் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ் அவற்றில் ஒன்று.

அந்தத் தண்ணீரைப் பங்கிடும் முறைதான் என்னைக் கவர்ந்தது. கால்வாய் ஊருக்குள் வெளிப்படும் முதல் இடம் குடிதண்ணீருக்கு. உள்ளூர்க்காரன், வழிப்போக்கன் யாரும் எடுத்துக்கொள்ளலாம், விலையில்லை. பிறகு மசூதி, குளியல் துறைகள். அதன்பிறகே பேரீச்சைக்கும் மற்றப் பயிருக்கும் போகிறது. தோப்புக்காரர்களுக்கு முறைத் தண்ணீர். நாஞ்சில்நாட்டு மடைத் தகராறுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இவர்கள் முறையை எப்படி அளந்தார்கள் என்று அறிய ஆசை. பகலில், நட்டு வைத்த ஒரு கம்பின் நிழல் தரையில் போட்ட கோடுகளைத் தாண்டுவதை வைத்து. இரவில் நட்சத்திரங்களை வைத்து. சில ஊர்களில் இன்றும் இந்த வழக்கம் இருக்கிறதாம். தண்ணீர் அரிதான ஊரில், யாருக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு விதி இருந்தால்தான் ஊர் நிலைக்கும். வெயிலுக்கும் அப்படி ஒரு விதி வேண்டும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் தோன்றியது.

எதிர்க் கட்டடம்

மகள் வீட்டுப் பால்கனிக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து ஏ.சி. அறையில் திரையை விலக்கிப் பார்ப்பேன். மணி ஒன்று. பேரனின் பொம்மைகளுக்கு நடுவே கிடந்த தெர்மாமீட்டரைப் பால்கனி நிழலில் வைத்தேன். 43 காட்டியது. எதிரே நாலாவது தளத்தில் எட்டுப் பத்துப் பேர் தலையில் துணி சுற்றிக்கொண்டு கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பி என்ன சூடு இருக்கும் என்பது எனக்குத் தெரியும். வெயிலில் கிடக்கும் இரும்பு, காற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாகவே காயும்.

மாலையில் கீழே டீக்கடையில் அவர்களில் ஒருவரைச் சந்தித்தேன். திருவாடானைப் பக்கத்துத் தம்பி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது. கரக் சாயா வாங்கிக் கொடுத்தேன்.

“மத்தியானம் வேலையை நிறுத்த மாட்டார்களா தம்பி?”

“ஜூன் ஒண்ணுலேருந்து நிப்பாட்டிருவாங்க சார். பன்னண்டரையிலேருந்து மூணரை வரைக்கும். சட்டம் இருக்கு. மூணு மாசம். அதுவரைக்கும் இப்படித்தான்.”

“மே மாதத்திலும் இதே வெயில்தானே?”

“வெயிலுக்குத் தேதி தெரியுமா சார்?” என்று சிரித்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “நீங்க ரயில்வேல இருந்தேன்னீங்களே. நம்ம ஊர்ல வெயில்னா வேலையை நிப்பாட்டுவீங்களா சார்?”

பேச்சை மாற்றி, ஊரில் மழை உண்டா என்று கேட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1980-களில் நான் பாதைப் பராமரிப்பில் இளம் இன்ஸ்பெக்டர். பதிமூன்று மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் ஆறு மில்லிமீட்டர் நீளும். அந்த நீளத்துக்கு இடம் இல்லாவிட்டால் பாதை பாம்பு போல நெளியும், வண்டி கவிழும். எனவே தண்டவாளத்தின் மேல் தெர்மாமீட்டர் வைத்து, குறித்துக்கொண்டே இருப்போம். பற்றவைத்த நீளத் தண்டவாளங்களில், சூடு ஓர் அளவைத் தாண்டினால் இன்ன வேலையைச் செய்யாதே என்று விதிப்புத்தகத்தில் இருக்கும். அதை வரி பிசகாமல் கடைப்பிடித்தேன். இரும்புக்குத் தெர்மாமீட்டர் இருந்தது, அருகே நின்ற ஆளுக்கு இல்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை.

ஒரு மே மாதப் பகல். மறுநாள் மேலதிகாரி வருகிறார். ஜல்லி வேலை பாக்கி. கேங்மேன்கள் பதினோரு மணிக்கே சோர்ந்துவிட்டார்கள். “இன்னும் ஒரு மணி நேரம், முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள்” என்றேன், குடைக்குக் கீழே நின்றபடி. ஒரு மணி இரண்டு மணியாயிற்று. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினார். தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது, வியர்வை நின்றுபோயிருந்தது. அப்படியே சாய்ந்தார். டிராலியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். உயிர் பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் கெட்டுப்போய், பழைய மனிதராக வேலைக்குத் திரும்பவே இல்லை. அறிக்கையில் ‘மயக்கம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பிற்பாடு என்னைப் பார்த்தபோதெல்லாம் “நல்லா இருக்கீங்களாய்யா” என்று விசாரித்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

ஜூன் முதல் தேதி பன்னிரண்டரைக்குப் பால்கனிக்குப் போனேன். எதிரே நாலாவது தளம் காலியாக இருந்தது. கீழே நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். மூன்றரைக்கு எழுந்து போனார்கள். ஃபலஜில் ஒரு கோட்டு நிழல் தண்ணீரைப் பங்கிட்டது போல, இங்கே ஒரு சட்டம் வெயிலைப் பங்கிட்டிருக்கிறது. கத்தாரில் 2021 முதல் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெயில் வேலை கூடாது என்பதோடு, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஓர் அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த மாதமானாலும், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். திருவாடானைத் தம்பியின் கேள்விக்கு அதுவே சரியான பதில். வெயிலுக்குத் தேதி தெரியாது, தெர்மாமீட்டருக்கு வெயில் தெரியும்.

ஜூன் முதல் வாரத்தில் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம். திருவனந்தபுரத்தில் மே 30-ஆம் தேதியே பருவமழை வந்துவிட்டது என்று தம்பி தொலைபேசியில் சொன்னார். அதே தென்மேற்குப் பருவக்காற்று ஓமானின் தெற்கே சலாலா மலைகளிலும் தூறல் போட்டுப் பச்சையாக்கும் என்றும், ஜூலை, ஆகஸ்டில் மக்கள் அங்கே திரள்வார்கள் என்றும் மாப்பிள்ளை சொன்னார். அடுத்த முறை பார்க்க வேண்டும்.

கோடையில் போகிறவர்களுக்கு

* வெளி வேலையெல்லாம் காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு. பெரிய மசூதியை மற்ற மதத்தினர் காலை 8 முதல் 11 வரை பார்க்கலாம், வெள்ளி தவிர. பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும்.

* தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். மோர், உப்புப் போட்ட எலுமிச்சை நீர் நல்லது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புறப்படும் முன் டாக்டரைக் கலந்துகொள்ளவும்.

* நிறுத்திய காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூட விட வேண்டாம்.

* மலைப்பக்கம் போக ஆசையிருந்தால் ஜபல் அக்தர். சுமார் 2000 மீட்டர் உயரம், மே மாதத்திலும் இதமாக இருக்கும். ரோஜாப்பூ பறித்துப் பன்னீர் வடிக்கும் காலம் மே நடுவோடு முடியும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாவிட்டால் போலீசார் மேலே விட மாட்டார்கள்.

* வறண்டு கிடக்கும் காட்டாறுகளை நம்பாதீர்கள். 2024 ஏப்ரல் வெள்ளத்தில் பள்ளிக் குழந்தைகள் உட்பட ஏறத்தாழ இருபது பேர் இறந்தார்கள். 2007 ஜூன் மாதத்தில் கோனு புயல் மஸ்கட்டையே புரட்டிப்போட்டது.

* மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும். வளைகுடாவின் சில நாடுகளில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். மசாலாப் பொட்டலம் கட்டும்போது அதைத் தவிர்த்துவிடுங்கள்.

* வாசலில் கூரியர் கொண்டுவருகிறவர், குப்பை அள்ளுகிறவர், எதிர்க் கட்டடத்தில் நிற்கிறவர், யாராயிருந்தாலும் ஒரு குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுங்கள். பாதிப் பேர் நம் ஊர்ப் பிள்ளைகள்.

நம் கேரளத்திலும் ஒவ்வொரு கோடையிலும் பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை கூடாது என்று தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. பலமுறை செய்தித்தாளில் படித்திருக்கிறேன். படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். ஊர் திரும்பியபின் 2025 மார்ச்சில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஓடு பதிக்க மூன்று பேர் வந்தார்கள். பன்னிரண்டு அடித்ததும் மேலே போய் இறங்கச் சொன்னேன். “இன்னும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் சார்” என்றார் மேஸ்திரி. வேண்டாம், மூன்று மணிக்குத் தொடங்கலாம், கூலியில் பிடித்தம் இல்லை என்றேன். என் மனைவி ஒன்றும் கேட்காமல் மோர் கலக்க உள்ளே போனாள். வேலை முடிய ஒரு நாள் கூடுதலாயிற்று, அவ்வளவுதான்.